மணியாச்சி முதல் ‘வதந்தி’ வரை: நம் கரையும் துப்பறியும் கதைகளும்

துப்பறியும் கதை என்றால் நம் ஊரில் எப்போதுமே ஓர் இளக்காரம் உண்டு. பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படிக்கிற சமாச்சாரம், பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுகிற சமாச்சாரம், ஊர் வந்ததும் ரயில் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குகிற சமாச்சாரம் என்றுதான் பெரியவர்கள் நினைத்தார்கள். மலருக்குக் கட்டுரை கேட்டபோது, இந்தச் சமாச்சாரத்தைப் பற்றியே எழுதுகிறேன் என்றேன். “இன்ஜினீயர்தானே நீங்க, துறைமுகத்தைப் பத்தி எழுதக் கூடாதா?” என்றார்கள். துறைமுகமும் வரும், முத்தும் வரும், ரயிலும் வரும். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் எல்லோரும் இந்தக் கதைகளைப் படிக்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பழக வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று: இதற்குச் சாட்சியம் என்ன? இரண்டு: துப்பறிகிறவர் யாருக்காகத் துப்பறிகிறார்? இந்த இரண்டு கேள்விகளையும் தமிழ்நாட்டில் வேறு எந்த ஊரை விடவும் நம் கரை அதிகமாகவே கேட்டிருக்கிறது. அந்தச் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டே, படிக்க வேண்டியவற்றையும் பார்க்க வேண்டியவற்றையும் சிபாரிசு செய்கிறேன்.

சிப்பிக்குள் ஒரு மர்மம்

கோனன் டாயில் 1890-ல் எழுதிய இரண்டாவது ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் ஒரு பெண் ஹோம்ஸைத் தேடி வருகிறாள். வருஷத்துக்கு ஒன்றாக ஆறு வருஷம், யார் அனுப்பினார்கள் என்றே தெரியாமல் அவளுக்கு ஆறு பெரிய முத்துக்கள் தபாலில் வந்திருக்கின்றன. அந்த மர்மத்தின் நூல் ஆக்ராவில் போய் முடிகிறது. முத்து என்றால் மர்மம் என்று லண்டன்காரருக்கே தோன்றியிருக்கும்போது, முத்து எடுத்த ஊர்க்காரர்களான நமக்குத் தோன்றாதா?

முத்துச் சலாபத்தில் நடக்கக்கூடிய திருட்டை யோசித்துப் பாருங்கள். நகைக்கடையில் திருடு போனால் என்ன போனது என்று கடைக்காரருக்குத் தெரியும். மூடிய சிப்பிக்குள் என்ன இருந்தது என்பது யாருக்குமே தெரியாது. படகிலேயே ஒருவன் சிப்பியைத் திறந்து முத்தை வாயில் போட்டுக்கொண்டால், பறிகொடுத்தவருக்கே தான் பறிகொடுத்தது தெரியாது! புகார் இல்லை, பொருள் இல்லை, சாட்சி இல்லை. எந்தத் துப்பறியும் நாவலாசிரியரும் இதைவிடச் சிக்கலான திருட்டைக் கற்பனை செய்ய முடியாது.

வெள்ளைக்காரன் அரசாங்கம் இதற்குக் கண்டுபிடித்த வழி சாமர்த்தியமானது. முத்தை எண்ண முடியாது, சிப்பியை எண்ண முடியும். பாரிலிருந்து திரும்பும் படகுகளின் சிப்பியையெல்லாம் கரையில் வேலியடைத்த ‘கொட்டு’க்குள் இறக்கி, எண்ணி, பங்கு பிரித்தார்கள். குளித்தவர்களுக்கு மூன்றில் ஒன்று, சர்க்காருக்கு மூன்றில் இரண்டு. சர்க்கார் பங்கைத் திறக்காமலேயே ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஏலம் எடுத்தவர் தலையெழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளைக் காவல் காக்க, கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை எண்ணு என்கிற இந்த யோசனையைத்தான் இன்று நாங்கள் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு என்ற பெயரில் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காவலெல்லாம் சர்க்காரின் பங்குக்காக. கடலுக்குள் மூச்சடக்கி இறங்கியவர் திருடிவிடுவாரோ என்று பார்க்கத்தான் ஆள் போட்டார்கள். அவர் மூச்சுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைத்ததா என்று துப்பறிய யாரையும் போடவில்லை. தூத்துக்குடியில் சலாபம் கடைசியாக நடந்தது 1961-ல். அதன்பின் பாரும் ஓய்ந்தது, கொட்டும் ஓய்ந்தது.

1908: நாவலில் ஒரு கோவிந்தன், நிஜத்தில் ஒரு சி.ஐ.டி.

தமிழில் துப்பறியும் கதை என்று சொல்லத்தக்க முதல் முயற்சி பண்டித நடேச சாஸ்திரி 1894-ல் எழுதிய ‘தானவன்’. போலீஸ் நிபுணர் ஒருவர் கண்டுபிடித்த குற்றங்களைச் சொல்லும் புத்தகம் அது. அதற்கப்புறம் வந்தவர்களில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகிய மூவரும் ஒரு காலத்தில் தமிழ்நாட்டையே தூங்கவிடாமல் அடித்தவர்கள். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ வெளிவந்தது 1908 வாக்கில். அதில் வரும் துப்பறியும் கோவிந்தன் அன்றைய வாசகர்களின் செல்லப் பிள்ளை ஆனான். கோவிந்தன் நல்லவன், கெட்டிக்காரன், அப்பாவிகளைக் காப்பாற்றுகிறவன்.

அதே 1908-ல் தூத்துக்குடியில் என்ன நடந்தது? பிப்ரவரிக் கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குப் பக்கபலமாக நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12-ல் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலையில் வ.உ.சி.க்கு மொத்தம் நாற்பது வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டவருக்குக் கிடைத்த பரிசு அது.

அந்த வழக்கில் சாட்சியம் என்ன தெரியுமா? பெரும்பாலும் பேச்சுத்தான். கூட்டத்தில் உட்கார்ந்து போலீஸார் எழுதிய குறிப்புகள். சென்னை மாகாணத்தில் சி.ஐ.டி. பிரிவு தொடங்கியதும் 1906-லேதான். ஆக, நாவலில் கோவிந்தனைக் கொண்டாடிய அதே தமிழர்களுக்கு நிஜ வாழ்க்கையில் ‘சி.ஐ.டி.’ என்றால் பின்னால் வருகிற நிழல், காட்டிக் கொடுக்கிற ஆள். நம் பக்கத்தில் இன்றைக்கும் வீட்டு விஷயத்தை நோட்டம் விடுகிறவரை “பெரிய சி.ஐ.டி. வேலை பார்க்காரு” என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லில் உள்ள கசப்பு சும்மா வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மணியாச்சி

அந்தக் காலத்தில் கொழும்புக்குப் போகிற பிரயாணிகள் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். அதனால் போட் மெயில் நம் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. 1914-க்குப் பிறகுதான் அது தனுஷ்கோடிப் பக்கம் போனது. 1911 ஜூன் 17 காலை, திருநெல்வேலி கலெக்டர் பொறுப்பில் இருந்த ஆஷ், மனைவியுடன் கொடைக்கானல் போவதற்காக மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் வர வேண்டும். 1908-ல் தூத்துக்குடி நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவரும் இதே ஆஷ்தான். செங்கோட்டை வாஞ்சி பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார். ஓடிப்போய்ப் பிளாட்பாரத்துக் கழிப்பறையில் தன்னையும் சுட்டுக்கொண்டார். சட்டைப் பையில் ஒரு கடிதம், கையில் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி.

துப்பறியும் கதை வாசகனாக இதைப் பாருங்கள். யார் சுட்டார், ஏன் சுட்டார் என்பதில் மர்மமே இல்லை. முதல் அத்தியாயத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் போலீஸுக்கு வேலை அங்கேதான் ஆரம்பித்தது: பின்னால் யார் யார்? வீடு வீடாகச் சோதனை, கடிதங்கள், கைதுகள். விசாரணைக் காலத்தில் இரண்டு பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சிலர் அப்ரூவர் ஆனார்கள். பதினான்கு பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் விசாரித்து 1912 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னார்கள். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். மூவரில் ஒருவரான சங்கரன் நாயர் மற்ற இருவரோடு முழுதும் ஒத்துப்போகாமல் தனித் தீர்ப்பு எழுதினார். ஒரே சாட்சியங்கள்தான், படித்த நீதிபதிகள் மூவருக்கும் அவை ஒரே மாதிரி தோன்றவில்லை. முதலில் சொன்ன இரண்டு கேள்விகளில் ஒன்றாவது கேள்வி எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அந்த ஆண்டுகளில் பாண்டிச்சேரியில் நடந்த இன்னொரு சம்பவம் அசல் துப்பறியும் கதையே. வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே ராஜத்துரோகப் பிரசுரங்கள். ஐயரையும் நண்பர்களையும் மாட்டிவைக்க யாரோ போட்டுவைத்த ‘சாட்சியம்’. ஒளித்து வைத்தாலும் ஆபத்து, எரித்தாலும் ஆபத்து. பாரதியாரின் யோசனைப்படி அவர்களே அதைப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். விரித்த வலை வீணாயிற்று. ஹோம்ஸே இருந்தாலும் வேறென்ன சொல்லியிருப்பார்?

ஆஷுக்கு நம் ஊரில் நினைவு மண்டபம் இருக்கிறது. மணியாச்சி இன்று வாஞ்சி மணியாச்சி. ஒரே வழக்கில் செத்தவருக்கும் சுட்டவருக்கும் இருபது மைலுக்குள் தனித்தனி நினைவுச் சின்னம்! கதை யார் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது என்பதை நாம் கண்ணால் பார்த்துக்கொண்டே வளர்கிறோம்.

சாம்பு முதல் கணேஷ் வரை

இனி வாசிப்புக்கு வருவோம். பழைய மாணவர்களுக்கு இவையெல்லாம் பழைய சிநேகிதர்கள். மாணவத் தம்பி தங்கைகளுக்குத்தான் இந்தச் சிபாரிசு.

முதலில் தேவன். ஆனந்த விகடனில் 1940-களில் வந்த ‘துப்பறியும் சாம்பு’வில், ஒரு பாங்கு குமாஸ்தா, அசட்டு மனிதர், ஒன்றும் தெரியாமலே கேஸ்களைக் கண்டுபிடித்து இன்ஸ்பெக்டர் கோபாலனிடம் பாராட்டு வாங்குகிறார். சிரிப்பதற்காகப் படியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு நிமிஷம் யோசியுங்கள்: முடிவு சரியாக இருந்தால் வழியும் சரி என்று ஊர் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறது! அதே தேவனின் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ நேர்மாறு. ஒரு கொலை வழக்கு, கோர்ட்டு, ஜூரிகள், சாட்சிக்குப் பின் சாட்சி. சாட்சியம் என்றால் என்ன என்று தமிழில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நாவல் எனக்குத் தெரியாது.

தமிழ்வாணனின் சங்கர்லால் டீ குடித்தபடியே உலகத்தைச் சுற்றியவர். வெளிநாடே பார்க்காத ஒரு தலைமுறைக்கு அவர்தான் பாஸ்போர்ட். பக்கத்து ஊரான சிவகாசியிலிருந்து 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸ், ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்து நம் பள்ளிக்கூடப் பைகளில் போட்டது.

அப்புறம் சுஜாதா. அவரும் இன்ஜினீயர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ நாவலில் வக்கீல் கணேஷ் அறிமுகமானார். பிற்பாடு வசந்த் சேர்ந்துகொண்டான். துப்பறிகிறவர் போலீஸ்காரர் இல்லை, வக்கீல் என்பதைக் கவனியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்காகவும் வாதாடக்கூடியவர். ‘கொலையுதிர் காலம்’ 1980-களின் தொடக்கத்தில் தொடராக வந்தபோது, நடப்பது பேயா விஞ்ஞானமா என்று வீட்டுக்கு வீடு கட்சி பிரிந்தது. பதிலை நான் சொல்ல மாட்டேன். சாட்சியத்தை நம்புவதா, பயத்தை நம்புவதா என்பதுதான் அந்த நாவலின் மர்மமே.

பாக்கெட் நாவல் காலத்தில் ராஜேஷ்குமாரும், பட்டுக்கோட்டை பிரபாகரும், சுபாவும் மாதா மாதம் கடைகளை நிரப்பினார்கள். ராஜேஷ்குமார் எழுதியவை மட்டும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். எல்லாம் இலக்கியமா என்று கேட்டால், அவர்களே அப்படி உரிமை கொண்டாடியதில்லை. ஆனால் புத்தகமே தொடாத எத்தனை பேரை அந்தச் சின்னப் புத்தகங்கள் வாசகர்களாக்கின! சும்மா சொல்லக் கூடாது, தமிழ்ப் படிப்புக்கு அவை செய்த சேவை பெரிது.

டி.வி. பெட்டிக்குள் வந்தவர்கள்

1980-களில் நம் கரையில் மாடிக்கு மாடி உயரமான ஆன்டெனா நட்டு இலங்கை ரூபவாஹினி பார்த்த கதையை மூத்த பழைய மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். டெல்லியைவிடக் கொழும்பு நமக்குப் பக்கம்! பிறகு தூர்தர்ஷனில் ‘கரம்சந்த்’ கேரட் கடித்தபடி வந்தார். காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தார். 1993-ல் பாசு சாட்டர்ஜி இயக்கத்தில் ‘ப்யோம்கேஷ் பக்ஷி’ வந்தது. வங்காளத்தின் சரதிந்து பந்தோபாத்யாய் 1932-ல் உருவாக்கிய இந்தப் பாத்திரத்துக்கு ‘டிடெக்டிவ்’ என்ற பட்டமே பிடிக்காது. தன்னை ‘சத்யான்வேஷி’, அதாவது உண்மையைத் தேடுகிறவன் என்றுதான் சொல்லிக்கொள்வான். இரண்டாவது கேள்விக்கு இதைவிட அழகான பதில் கிடையாது. இன்று தேடினாலும் பார்க்கக் கிடைக்கும், மொழி தடையில்லை.

தமிழில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில், நாகா இயக்கத்தில் சன் டி.வி.யில் வந்த ‘மர்மதேசம்’ 1990-களின் பெரிய சம்பவம். அதிலும் ‘விடாது கருப்பு’. தப்புச் செய்தவனைக் காவல் தெய்வம் தண்டிக்கிறதா, மனிதக் கை ஏதும் இருக்கிறதா என்று ஊரே குழம்பும். அய்யனாரும் சுடலைமாடனும் காவல் காக்கிற நம் சீமைக்காரர்களுக்கு அது வெறும் கதையாகத் தோன்றவில்லை. கோர்ட்டில் நீதி கிடைக்காது என்று நினைக்கிறவர்கள்தான் சாமியிடம் போய் முறையிடுகிறார்கள் என்பதை அந்தத் தொடர் எங்கள் தலைமுறைக்குப் புரிய வைத்தது.

ஓ.டி.டி. வந்தபின் துப்பறியும் தொடர்கள் நம் பக்கமே வந்துவிட்டன. புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ முதல் பாகம் வெளியானது 2022 ஜூன் 17-ல். மணியாச்சிச் சம்பவத்துக்குச் சரியாக 111 வருஷம் கழித்து! தற்செயல்தான், ஆனால் அதிலும் ஆலை, வேலைநிறுத்தம், போலீஸ் எல்லாம் உண்டு. 2025-ல் வந்த இரண்டாம் பாகம் ஒரு கற்பனைக் கடற்கரை ஊரில், காளித் திருவிழாவின்போது நடக்கிறது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவர்களுக்கு அந்த வேஷங்கள் அந்நியமாகத் தெரியாது.

எல்லாவற்றிலும் நான் முதலிடம் கொடுப்பது ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கி 2022 டிசம்பரில் வெளிவந்த ‘வதந்தி’க்கு. களம் கன்னியாகுமரிப் பக்கம். ஓர் இளம்பெண் கொலையுண்டு கிடக்கிறாள். முதலில் அது ஒரு நடிகை என்று செய்தி பறக்கிறது. அப்புறம் வெலோனி என்கிற அந்தப் பெண்ணைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை. எஸ்.ஜே. சூர்யா நடிக்கும் சப்-இன்ஸ்பெக்டர் கொலைகாரனோடு அந்தக் கதைகளையும் துரத்த வேண்டியிருக்கிறது. செத்தவள் வாய் திறக்க முடியாது. அவளைப் பற்றி ஊர் பேசுவதுதான் சாட்சியமா? வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் முன்பின் பார்க்காமல் அனுப்பி வைக்கிற நாம் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய எட்டுப் பகுதிகள்.

கதை அல்லாத ஒரு கதை

இவ்வளவு சொல்லிவிட்டு நம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்த விவகாரத்தில் சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் சில நாளில் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஒன்றைக் கவனித்தார். கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் தாராளமாக இடமும் இருந்தது. ஆனால் பதிவு அன்றன்றைக்குத் தானாக அழிந்துபோகிற மாதிரி அமைத்து வைத்திருந்தார்கள். தொழில்நுட்பம் படித்த நமக்குத் தெரியும்: மிஷின் தானாக எதையும் அழிக்காது. யாரோ ஒருவர் ‘செட்டிங்’ வைக்க வேண்டும்.

அப்படியானால் உண்மை எப்படி வெளியே வந்தது? அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறந்தார். இரவெல்லாம் அடித்தார்கள் என்று சாட்சி சொன்னார். பிறகு சி.பி.ஐ. விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கோவிந்தனும் சங்கர்லாலும் கதையில் செய்ததைவிடப் பெரிய காரியத்தை ஒரு சாதாரண காவலர் செய்தார். தன் யூனிஃபாரத்துக்காக அல்ல, உண்மைக்காக.

துப்பறியும் கதை பொழுதுபோக்கு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சாட்சியத்தைக் கேட்டுப் பழகிய மூளை, கடைத் திண்ணையில் ஒரு பெண்ணைப் பற்றிக் கதை கட்டும்போது “நீ பார்த்தியால?” என்று கேட்கும். யாரையாவது பிடித்துவைத்து இவன்தான் செய்தான் என்று கூட்டம் சொல்லும்போது ஒரு நிமிஷம் நிதானிக்கும். நாளைக்கு உங்களில் சிலர் போலீஸ் அதிகாரி ஆவீர்கள், சிலர் வக்கீல், சிலர் பத்திரிகைக்காரர், பலர் என்னைப் போல வேலைக்குப் போவீர்கள். எல்லோருக்கும் இந்தப் பழக்கம் வேண்டும்.

ஆகையால் தம்பி தங்கைகளே, இந்த விடுமுறைக்கு ஒரு சின்ன வேலை. ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ‘வதந்தி’யைப் பாருங்கள். பாதியில் நிறுத்துங்கள். ஒரு வெள்ளைத் தாளில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் கண்ணால் பார்த்த சாட்சியம், வலது பக்கம் மற்றவர்கள் சொன்னது என்று பிரித்து எழுதுங்கள். எந்தப் பக்கம் நீளமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அந்தத் தாளையும் கையோடு கொண்டு வாருங்கள். அண்ணாச்சிமார், அக்காமார் நாங்கள் எல்லோரும் காத்திருப்போம். டீயும் மக்ரூனும் என் செலவு.